பரணிலிருந்து இறக்கிய பொம்மையை அன்றைக்கே குளிப்பாட்டாதீர்கள்

அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். டிவியில் பழைய சாமான்களைப் பழுதுபார்த்துக் கொடுக்கும் நிகழ்ச்சி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. காதில் விழுந்ததே தவிர நான் பார்க்கவில்லை. திடீரென்று 'டிக்' என்றது. பொம்மையைச் சாய்த்தால் கண் மூடுமே, அந்தச் சத்தம். கேட்டு நாற்பது வருஷம் இருக்கும். எழுந்து போய்ப் பார்த்தால், சரிசெய்த பொம்மையை வாங்கிக்கொண்ட ஒரு பாட்டி அதைச் சாய்ப்பதும் நிமிர்த்துவதுமாக இருந்தார். டிக், டிக்.

அன்று இரவே ஏணி போட்டுப் பரணில் ஏறி என் பழைய பொம்மை மீனுவை இறக்கினேன். ஒரு கால் தனியாகப் பையின் அடியில் கிடந்தது. அப்போதே வாளியில் தண்ணீர் பிடித்துத் தலையோடு முக்கி எடுத்தேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு. மறுநாள் காலையில் மீனுவின் இரண்டு கண்களின் ஓரத்திலிருந்தும் செம்பழுப்பாகத் துருநீர் கன்னத்தில் வழிந்திருந்தது. இமை மூடித் திறக்கும் கண்ணுக்குப் பின்னால் ஒரு கம்பியும் ஒரு எடைக்கட்டியும் உண்டு. கழுத்து வழியாகவும் முடி நட்ட துளைகள் வழியாகவும் உள்ளே போன தண்ணீர் சீக்கிரத்தில் வெளியே வராது. முடியைக் கீழே தொங்கவிட்டுத் தலையை மூன்று நாள் மின்விசிறிக் காற்றில் வைத்திருந்தேன். வலது கண் பிழைத்தது. இடது கண் இன்றைக்கும் கொஞ்சம் தாமதமாகத்தான் மூடுகிறது.

அதனால் முதல் நாள் தண்ணீரே வேண்டாம். முன்னால், பின்னால், உள்ளங்கால் என்று எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள். பிறகு ஒரு தாளை எடுத்து, எதையெல்லாம் சரிசெய்யப் போவதில்லை என்று எழுதுங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் இதுதான் முக்கியமான வேலை. மீனுவின் இடது கையில் நீலப் பேனாவால் வைத்த ஏழு புள்ளிகள் இருந்தன. எனக்குக் காய்ச்சல் வந்து ஊசி போட்ட ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து அவளுக்கும் போட்டிருக்கிறேன். அதைத் தொடக்கூடாது என்று எழுதினேன். கட்டைவிரலில் இருக்கும் பல் தடத்தையும் சேர்த்தேன். தொடையில் அக்கா தன் பெயரைப் பெரிதாக எழுதி உரிமை கொண்டாடியிருந்தாள். அதை அழித்தே ஆகவேண்டும் என்று எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டேன்.

அடுத்து, எதனால் செய்த பொம்மை என்று பாருங்கள். கன்னத்தை அழுத்தினால் மெத்தென்று உள்ளே போய்த் திரும்பி வந்தால் வினைல். தட்டினால் 'டக்டக்' என்றால் கெட்டிப் பிளாஸ்டிக். மேல்பூச்சில் வெடிப்பு விட்டு உள்ளே மரத்தூள் போலத் தெரிந்தால் அது மரத்தூளும் பசையும் கலந்து வார்த்தது. தண்ணீர் பட்டால் ஊறி உரியும், காய்ந்த துணியைத் தவிர வேறெதுவும் வேண்டாம். டேபிள் டென்னிஸ் பந்து போல லேசாக, மெல்லிய ஓடாக, தேய்த்தால் கற்பூர வாசம் வருகிறதா? அது செல்லுலாய்ட். சட்டென்று தீப்பிடிக்கக்கூடியது. காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

கழுத்தின் பின்புறம் முடிக்குக் கீழேயும், முதுகிலும் முத்திரை இருக்கும். அதிலுள்ள வருஷத்தை அப்படியே நம்ப வேண்டாம். பெரும்பாலும் அது அச்சுக்கு உரிமை பதிந்த வருஷம், பொம்மை செய்த வருஷம் அல்ல. பார்பி முதன்முதலில் விற்பனைக்கு வந்தது 1959இல். ஆனால் 1966 என்று முதுகில் பொறித்த பார்பிகள் அதற்குப் பல வருஷங்கள் கழித்தும் வந்துகொண்டே இருந்தன. பொம்மையே தொலைந்துபோய், அதே மாதிரி இன்னொன்று தேடுகிறவர்களுக்கும் இது உதவும். பழைய புகைப்படத்தில் பக்கத்தில் இருக்கும் நாற்காலியையோ கதவுத் தாழ்ப்பாளையோ வைத்து உயரத்தைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஞாபகத்தில் இருக்கும் பொம்மை எப்போதும் நிஜத்தைவிடப் பெரிது. மீனு என் இடுப்பளவு இருந்தாள் என்று சத்தியமே செய்திருப்பேன். அளந்து பார்த்தால் முழங்கைக்குக்கூட வரவில்லை.

வினைலுக்கும் கெட்டிப் பிளாஸ்டிக்குக்கும் வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரு சொட்டு, பிழிந்த பருத்தித் துணி போதும். விரல் இடுக்குக்குக் காது குடையும் பஞ்சுக் குச்சி. நகப்பூச்சு அழிக்கும் திரவம் பக்கத்திலேயே வரக்கூடாது, பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். கறையெல்லாம் போகும் என்று விற்கும் வெள்ளை ஸ்பாஞ்ச் உண்மையில் மிக மெல்லிய உப்புத்தாள் மாதிரி. கறையோடு உதட்டுச் சிவப்பும் போகும்.

தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டுகிறதா? அது வெறும் அழுக்கு அல்ல. வினைல் மெத்தென்று இருக்கச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் வருஷக்கணக்கில் கசிந்து மேலே வருகிறது. கழுவினால் போகும், சில மாதத்தில் திரும்ப வரும். அதன்மேல் பவுடர் போட்டால் தூசியோடு சேர்ந்து களியாகும். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வைப்பது இதை மோசமாக்கும், நான் கட்டித்தான் வைத்திருந்தேன். இப்போது மீனு வெள்ளைப் பருத்தித் துணியில், காற்றுப் புகும் அட்டைப் பெட்டியில் தூங்குகிறாள். அடர்நிறச் சட்டையையும் போட்டு வைக்காதீர்கள். சாயம் வினைலுக்குள் இறங்கிவிட்டால் எடுப்பது பெரும்பாடு.

பேனா மைக்கு ஒரு வழி இருக்கிறது. முகப்பருவுக்குத் தடவும் களிம்பில் பென்சாயில் பெராக்சைடு 10 சதவீதம் உள்ளதாகப் பார்த்து, கறை மேல் மட்டும் தடவி, மெல்லிய பிளாஸ்டிக் உறையால் மூடி, சில மணி நேரம் வெயிலில் வைக்க வேண்டும். தினமும் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவுங்கள். அக்காவின் பெயருக்கு ஐந்து நாள் ஆனது. முதலில் உள்ளங்காலில் சோதியுங்கள், ஏனென்றால் இது மையோடு பொம்மையின் நிறத்தையும் வெளுக்கும். மாநிற, கருநிறப் பொம்மைகளில் வெள்ளைத் திட்டு விழுந்துவிடும். அவற்றில் கறையை விட்டுவிடுவதே மேல் என்பேன். தீட்டிய கண், புருவம், உதடு பக்கம் போகவே வேண்டாம். கையுறை போடுங்கள், உங்கள் சட்டையும் வெளுக்கும்.

முடிக்கு வருவோம். பொம்மையைக் குப்புறப் பிடித்து, முடி கீழே தொங்கும்படி வைத்து, தொங்கும் நுனியை மட்டும் நனையுங்கள். தலைக்குப் போடும் கண்டிஷனரைத் தடவி ஊறவிடுங்கள். அகலப்பல் சீப்பால் நுனியிலிருந்து ஆரம்பித்து, வேர்ப்பக்கத்தை இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு விரலளவு ஒரு விரலளவாக மேலே வாருங்கள். மேலிருந்து கீழே இழுத்தால் முடிச்சு இறுகிக் கொத்தாகக் கையோடு வரும். முடி உலர்த்தும் கருவி வேண்டவே வேண்டாம். முன்பக்கம் ஒட்ட வெட்டப்பட்டிருந்தால், வெட்டியது வெட்டியதுதான். வளரும் வளரும் என்று நான் ஒரு விடுமுறை முழுக்க எண்ணெய் தடவியிருக்கிறேன்.

கடைசியாகத்தான் கழன்ற கை கால். மீனு மாதிரிப் பழைய பொம்மைகளில் உடம்புக்குள் ஒரு எலாஸ்டிக் ஓடும், அதன் முனைகளைக் கை கால்களில் உள்ள கொக்கி பிடித்திருக்கும். இற்றுப்போனதை எடுத்துவிட்டு, அதே தடிமனில் உருட்டு எலாஸ்டிக் வாங்கி வளையமாக முடியுங்கள். நீளத்தைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். தளர்ந்தால் பொம்மை உட்காராது, ரொம்ப இறுக்கினால் மூட்டு வெடிக்கும். உடம்புக்குள் விட்டு இழுக்க, நுனி வளைத்த கம்பி ஒன்று வேண்டும். எலாஸ்டிக் இல்லாமல் அழுத்திப் பொருத்தும் வினைல் கை என்றால் வேலை சுலபம், மூட்டை வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றினால் இளகிக் கொடுக்கும்.

எலாஸ்டிக் வேலைக்கு நாலு கை வேண்டும். அக்காவைக் கூப்பிட்டேன். அவள் உடம்பை இறுக்கிப் பிடிக்க, நான் கம்பியால் இழுத்தேன். இரண்டு முறை நழுவி எலாஸ்டிக் உள்ளே ஓடிவிட்டது. மூன்றாவது முறை கொக்கி மாட்டிக்கொண்டது. கால் 'டப்' என்று இடத்தில் உட்கார்ந்தது.

அக்கா மீனுவைச் சாய்த்தாள். வலது கண், பிறகு இடது கண். நிமிர்த்தினாள். அப்புறம் சட்டையைத் தூக்கித் தொடையைப் பார்த்தாள்.

"என் பேரை அழிச்சிட்டியா?"

"அஞ்சு நாள் ஆச்சு அக்கா."

கொஞ்ச நேரம் அந்த இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"சரி, பேனா எங்கேடி வச்சிருக்கே?"