கத்திரி வெயிலில் மாடித்தோட்டம்: முதலில் வேரைக் கவனியுங்கள்

தினமும் தண்ணீர் ஊற்றியும் செடி வாடுகிறது என்றால் இலையை ஆராய்வதற்கு முன் செடி வளரும் பையைத் தொட்டுப் பாருங்கள். மதியம் 2 மணிக்குக் கறுப்புப் பையின் மேற்குப் பக்கத்தில் கை வைத்தால் சுடும். அந்தப் பக்கத்து வேர்தான் முதலில் கருகும். தரையில் வளரும் செடி ஆழத்தில் வேர்விட்டு ஈரத்தைத் தேடிக்கொள்ளும். 12 அங்குலப் பையில் அதற்கு வழியில்லை. மே 4 வாக்கில் தொடங்கி மே 28 வரை நீளும் அக்னி நட்சத்திர நாட்களில் தளத்தின் சூடும் அடியிலிருந்து ஏறும்.

ஆகவே பைகளை நேரடியாகத் தளத்தில் வைக்காதீர்கள். இரண்டு செங்கல் மீதோ, இரும்பு ஸ்டாண்டிலோ ஏற்றினால் அடியில் காற்று ஓடும், வடிகால் துளைகளும் அடைபடாது. பைகளை நெருக்கி வரிசையாக வைத்து, மேற்கு ஓரத்துப் பைகளுக்கு வெளிப்பக்கமாகப் பழைய சாக்கைத் தொங்கவிடுங்கள். மண்ணின் மேல் 2 அங்குல கனத்துக்கு மூடாக்கு போடுவது அவசியம். காய்ந்த இலை, வைக்கோல், தேங்காய் நார் எது கிடைத்தாலும் சரி. தண்டைச் சுற்றி மட்டும் இரண்டு விரல் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் தண்டு அழுகும்.

வெயிலில் பாதியை மறைக்கும் 50 சதவீத நிழல்வலை போதும். 75 சதவீத வலைக்குக் கீழே வெண்டையும் கத்தரியும் ஒல்லியாக நீளுமே தவிர காய்க்காது. வலையை 7 அடிக்குக் குறையாத உயரத்தில் கட்டுங்கள். தாழக் கட்டினால் சூடான காற்று அடியிலேயே தங்கிவிடும்.

தண்ணீரில்தான் அதிகம் தவறு நடக்கிறது. காலை 7 மணிக்குள் ஊற்றிவிடுங்கள். வெயில் ஏறிய பிறகு ஹோஸ் குழாயைத் திறந்தால் முதலில் வருவது வெந்நீர். அதை வாளியில் பிடித்து ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள். பீர்க்கு, பூசணி இலைகள் உச்சி வெயிலில் தொங்குவது இயல்பு. மாலை 6 மணிக்குள் தானாக நிமிர்ந்துவிட்டால் தண்ணீர் போதுமானதாக இருக்கிறது என்று அர்த்தம். நிமிராவிட்டால் மண்ணுக்குள் விரலை 2 அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் மாலையிலும் ஊற்றுங்கள். ஈரமாக இருந்தும் நிமிரவில்லை என்றால் வேர் அழுகலாக இருக்கலாம். மேலும் ஊற்றினால் செடி போய்விடும்.

தென்னை நார்க்கழிவு கலந்த மண்ணில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீர் சீராக ஊறாது. மண் சுருங்கி, பையின் ஓரத்தில் இடைவெளி விழும். ஊற்றிய தண்ணீர் அந்த இடைவெளி வழியாக நொடியில் அடியில் வந்துவிடும். பார்ப்பவருக்கு மண் முழுதும் நனைந்ததாகத் தோன்றும், நடுவில் வேர்ப்பந்து தூசியாகக் கிடக்கும். அப்படி ஆனால் மேல்மண்ணைக் கிளறி ஓர இடைவெளியை மூடி, பையை அகலமான டப்பில் வைத்து, டப்பில் தண்ணீர் நிரப்புங்கள். குமிழி வருவது நின்று மேல்மண் நனைந்ததும் எடுத்து வடியவிடுங்கள். அதன்பின் தினமும் பாதித் தண்ணீரை முதலில் ஊற்றி, 10 நிமிடம் கழித்து மீதியை ஊற்றும் பழக்கம் நல்லது. போர் தண்ணீர் ஊற்றுபவர்கள் மண் மேல் வெள்ளையாக உப்புப் படிவதைக் காண்பார்கள். மாதம் இரண்டு முறை அடியில் தாராளமாக வழியும் அளவுக்கு ஊற்றி உப்பைக் கழுவிவிட வேண்டும்.

தக்காளி பூவாகப் பூத்துக் கொட்டுகிறதா? பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் குளிராத நாட்களில் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். அதற்கு உரம் மருந்தாகாது. செடியை நிழலில் காப்பாற்றி வையுங்கள், வெயில் தணிந்ததும் காய்க்கும். தக்காளிக் காயின் அடி கறுத்துக் குழிந்தால் உடனே முட்டை ஓட்டைத் தேடி ஓடுகிறார்கள். அது மட்கிப் பயன்தர மாதங்கள் ஆகும். மண் ஒருநாள் காய்ந்து ஒருநாள் ஊறுவதால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராமல்தான் பெரும்பாலும் இது வருகிறது. ஈரத்தைச் சீராக வைத்தால் அடுத்து வரும் காய்கள் தேறும்.

பீர்க்கு, சுரைப் பிஞ்சுகள் மஞ்சளாகி வெம்பினால் மகரந்தம் சேரவில்லை என்று சந்தேகப்படுங்கள். இரண்டும் மாலையில் மலரும். ஆண் பூவைப் பறித்து இதழை நீக்கி, அடியில் பிஞ்சு உள்ள பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். பூசணிக்கும் பாகலுக்கும் இதை விடியற்காலையில் செய்ய வேண்டும்.

பூச்சிகளில் செம்பேன் வறட்சியில் வேகமாகப் பெருகும். இலையின் மேல் ஊசி குத்தியது போல் வெளிர்புள்ளிகள் தெரிந்தால், வெள்ளைத் தாளைப் பிடித்து இலையைத் தட்டுங்கள். விழுந்த தூசு நகர்ந்தால் பேன்தான். இலையின் அடிப்பக்கத்தில் மூன்று நாள் தொடர்ந்து தண்ணீரைப் பீய்ச்சினாலே பாதி குறைந்துவிடும். பிறகு 1 லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய். எண்ணெயைச் சில சொட்டு சோப்புக் கரைசலோடு முதலில் குழைத்த பிறகே தண்ணீரில் கலக்க வேண்டும். மாலை 5 மணிக்கு மேல் தெளியுங்கள், வெயிலில் தெளித்தால் இலை கருகும். மாவுப்பூச்சிக்கும் இதுவே. ஆனால் அதைக் காக்கும் எறும்பைத் தடுக்காவிட்டால் திரும்ப வரும். வெண்டையில் நரம்பு மஞ்சளாகி இலை வலை போட்டதுபோல் ஆனால் வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி. மருந்து கிடையாது. தயங்காமல் பிடுங்கி அப்புறப்படுத்தி, மற்ற செடிகளுக்கு அருகே வெள்ளை ஈ வந்து ஒட்டிக்கொள்ளும் மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள்.

இரண்டு மூன்று நாள் ஊருக்குப் போவதானால் பைகளை நிழலில் ஒன்றாகச் சேர்த்து, அடியில் வழியும்வரை ஊற்றிவிட்டுப் போங்கள். பறிக்கும் பதத்தில் இருக்கும் வெண்டை, கொத்தவரையைக் கிளம்பும் முன் பறித்துவிடுங்கள். முற்றிய காய் செடியில் நின்றால் அடுத்த பூ குறையும்.