கேலக்டோஸில் ஒரு கொக்கி: சாகஸ் ஒட்டுண்ணியின் என்சைமுக்குத் தூண்டில் செய்வது எப்படி

சாகஸ் நோயைத் தரும் ட்ரிப்பனோசோமா குரூசிக்குச் சியாலிக் அமிலத்தைச் சொந்தமாகத் தயாரிக்கத் தெரியாது. டிரான்ஸ்-சியாலிடேஸ் என்ற என்சைமை வைத்து நம் செல்களிலிருந்து அந்தச் சர்க்கரை அமிலத்தைப் பிடுங்கி, தன் மேற்பரப்பிலுள்ள பீட்டா-கேலக்டோஸ் நுனியில் ஒட்டிக்கொள்கிறது. அந்த என்சைமுக்கு நாம் நீட்டப்போகும் தூண்டில் புரொபார்ஜைல் பீட்டா-கேலக்டோசைடு. அதன் ஆல்கைன் (கார்பன்–கார்பன் முப்பிணைப்பு) முனையில் அப்புறம் சாயம் மாட்டிக்கொள்ளலாம்.

முதல் படி: கேலக்டோஸ் பென்டாஅசிடேட் 1 கிராம், உலர்ந்த டைகுளோரோமீத்தேன் 10 மிலி, புரொபார்ஜைல் ஆல்கஹால் 0.18 மிலி. நைட்ரஜனில், 0 டிகிரியில், போரான் ட்ரைஃபுளோரைடு ஈத்தரேட் 0.47 மிலியைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அறை வெப்பத்துக்குக் கொண்டுவாருங்கள். புரொபார்ஜைல் ஆல்கஹால் தோல் வழியாகவே உள்ளே போகும் விஷம், கையுறையும் ஃப்யூம் ஹூடும் கட்டாயம்.

நான் சறுக்கியது இங்கேதான். “ராத்திரி முழுக்க ஓடட்டும்” என்று விட்டுப் போனேன். காலையில் டிஎல்சியில் (மெல்லிய தகட்டில் கலவையைப் புள்ளிகளாகப் பிரித்துப் பார்க்கும் சோதனை) ஒரே புள்ளி மாதிரிதான் தெரிந்தது. என்எம்ஆரில் (மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் காந்த நிறமாலை) பார்த்தால் முதல் கார்பனின் ஹைட்ரஜனுக்கு 8 ஹெர்ட்ஸ் இரட்டைக் கோட்டோடு (பீட்டா) 4 ஹெர்ட்ஸ் அளவில் இன்னொன்று (ஆல்ஃபா). முதல் கார்பனின் பிணைப்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுதான் ஆல்ஃபா, பீட்டா வித்தியாசம். இரண்டாம் கார்பனின் அசிடேட் பீட்டாவைத்தான் முதலில் தரும், ஆனால் லூயிஸ் அமிலத்தில் (இங்கே போரான் ட்ரைஃபுளோரைடு) ரொம்ப நேரம் கிடந்தால் அது மெல்ல ஆல்ஃபாவாகப் புரண்டுவிடும். என்சைமுக்கு வேண்டியது பீட்டா. அதனால் அரை மணிக்கு ஒருமுறை டிஎல்சி (ஹெக்சேன்–எத்தில் அசிடேட் 1:1) போடுங்கள், மூலப்பொருள் தீர்ந்ததும், பெரும்பாலும் 2 மணி நேரத்தில், பொட்டாசியம் கார்பனேட் போட்டு நிறுத்துங்கள். யூவி விளக்கில் சர்க்கரை தெரியாது. சிலர் அயோடின் அறை வைப்பார்கள், எனக்கு அதில் பொறுமை இல்லை. மெத்தனாலில் 10% கந்தக அமிலம், மேலே சூடான காற்று, புள்ளி கருகித் தெரியும்.

காலம் குரோமட்டோகிராஃபியில் (குழாயில் பிரித்துச் சுத்தம் செய்வது) பிரித்து முடிந்ததும் சோடியம் மெத்தாக்சைடு–மெத்தனாலில் அசிடேட்டுகளைக் கழற்றுங்கள். பழைய டிஎல்சி கரைப்பானில் புள்ளி அடியிலேயே உட்கார்ந்துவிடும், பயப்படாமல் எத்தில் அசிடேட்–மெத்தனால்–நீர் 7:2:1க்கு மாறுங்கள். அமில வடிவ அம்பர்லைட் ரெசினை நிறம் போகும்வரை மெத்தனாலில் கழுவி, காரத்தை நடுநிலையாக்க வினைக்கலவையில் போட்டு, பிஎச் 7 வந்ததும் உடனே வடிகட்டுங்கள்.

ஆல்கைன் முனையில் சாய அசைடை (நைட்ரஜன் மூன்று கொண்ட பிடி உள்ள சாயம்) மாட்டக் காப்பர் சல்ஃபேட், சோடியம் அஸ்கார்பேட் போதும். என்சைமிடம் கொடுக்குமுன் தாமிரத்தை முழுசாக நீக்கிவிடுங்கள்.

பின்சேர்க்கை: “ரெண்டு நாளாக ஓடியும் முதல் படி நகரவில்லை” என்று ஒருவர் எழுதியிருந்தார். பாட்டிலைப் பார்க்கச் சொன்னேன்: ஆல்ஃபா பென்டாஅசிடேட். அது இந்த வினையில் ரொம்ப மந்தம், வாங்கும்போதே பீட்டா என்று பார்த்து வாங்குங்கள்.