மருந்து சரி, கொடுக்கிற விதம்தான் தவறு

பிள்ளைக்குப் பூச்சி, சிரங்கு, அம்மை, காய்ச்சல், பேதி என்று எது வந்தாலும் வேண்டிய மருந்து பெரும்பாலும் தெருமுனைக் கடையிலேயே இருக்கிறது. வாங்கி வந்த பிறகுதான் கோட்டை விடுகிறோம்.

கீரிப்பூச்சியைப் பாருங்கள். ராத்திரியில் பெண் புழு வெளியே வந்து ஆசனவாயைச் சுற்றி முட்டையிடும். பிள்ளை அரிப்பு தாங்காமல் சொறியும். முட்டை நக இடுக்கில் ஏறி, அதே விரலோடு வாய்க்கும், தலையணைக்கும், பக்கத்தில் படுத்திருக்கும் தம்பிக்கும் போகும். நாமோ மிட்டாயைப் பிடுங்கி ஒளித்து வைக்கிறோம். மிட்டாய் தின்று பூச்சி வருவதில்லை. பல்லுக்கு நல்லது என்பதால் வேண்டுமானால் ஒளித்து வையுங்கள். அல்பெண்டசோல் புழுவைக் கொல்லும், முட்டையை முழுதாக அழிக்காது. அதனால்தான் இரண்டு வாரம் கழித்து இன்னொரு வேளை. அதுவும் அந்தப் பிள்ளைக்கு மட்டும் கொடுத்தால் போதாது, வீட்டில் எல்லோருக்கும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் மட்டும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியில் கொடுக்கும் மாத்திரையும் இதுதான். ஒன்றிலிருந்து இரண்டு வயதுவரை பாதி, அதற்கு மேல் முழு 400 மில்லிகிராம். சின்னப் பிள்ளைகளுக்குப் பொடித்துக் கொடுங்கள்; முழுசாக விழுங்கவிட்டால் தொண்டையில் சிக்கும்.

சிரங்கிலும் இதே கதைதான். பெர்மெத்ரின் க்ரீமை அரிக்கிற இடத்தில் மட்டும் தொட்டு வைப்பார்கள். சிரங்குப் பூச்சி அங்கே மட்டுமா குடியிருக்கிறது? கழுத்துக்குக் கீழே விரல் இடுக்கு, தொப்புள், அக்குள், நக ஓரம் என்று ஒரு இடம் விடாமல் பூசி, ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் குளிக்க வேண்டும். கைக்குழந்தைக்குத் தலையிலும் பூசச் சொல்வார் டாக்டர். வீட்டில் எல்லோரும் ஒரே ராத்திரியில் பூசி, ஒரு வாரம் கழித்து மறுபடி பூச வேண்டும். பூச்சி செத்த பிறகும் இரண்டு, மூன்று வாரம் அரிக்கும். மருந்து கேட்கவில்லை என்று பயந்து, கடைக்காரர் நீட்டும் ஸ்டீராய்டு கலந்த ட்யூபை வாங்கிவிடாதீர்கள். அரிப்பு அடங்கும், பூச்சி அடங்காது.

காய்ச்சலுக்கு வருவோம். பாராசிட்டமால் சொட்டு மருந்து ஒரு மில்லியில் 100 மில்லிகிராம். சிரப் ஐந்து மில்லியில் 120 அல்லது 250. தம்பியின் சொட்டு மருந்தை அண்ணனின் சிரப் மூடியில் அளந்து ஊற்றினால் அளவு எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அளவு எடையைப் பொறுத்தது, கிலோவுக்கு 15 மில்லிகிராம். அடுத்த வேளைக்கு நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

அம்மை போட்டால் வேப்பிலை கட்டுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் ஆஸ்பிரின் கூடவே கூடாது. மூளையையும் ஈரலையும் தாக்கும் ரேய் நோயில் கொண்டு விடலாம். இபுபுரோபெனும் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் தினமும் குளிக்கலாம். கொப்புளம் எல்லாம் பொருக்கு தட்டும்வரை பள்ளிக்கு அனுப்பாதீர்கள், கர்ப்பிணி அத்தை பார்க்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். பிள்ளை மூச்சுத் திணறினாலோ எழுப்பியும் எழாமல் கிடந்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

பேதிக்கு ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். டம்ளருக்கு ஒரு ஸ்பூன் என்று குத்துமதிப்பாகப் போட்டால் உப்பு ஏறிவிடும். மீந்ததை மறுநாள் கொட்டிவிடுங்கள். கூடக் கொடுக்கும் துத்தநாக மாத்திரையை, பேதி மூன்றாம் நாளே நின்றாலும் 14 நாள் முழுக்கக் கொடுக்க வேண்டும்.