பெரிய கிளாசிக் நாவல பாதியில விடாம படிச்சு முடிக்கிறது எப்படி

நாவல் பிரியர்கள்கிட்ட ரொம்பப் பிடிச்ச கிளாசிக் எதுன்னு கேட்டா திரும்பத் திரும்ப வர்ற பேரு கொஞ்சம்தான். போரும் வாழ்வும், அன்னா கரீனினா, குற்றமும் தண்டனையும், ஏழை படும் பாடு (விக்டர் ஹ்யூகோவோட பிரெஞ்சு நாவல் லே மிசராப்ல்), மாண்டி கிறிஸ்டோ, ஜேன் அயர். இதுல ஒண்ண ஆசையா எடுத்துட்டு நாப்பது அம்பது பக்கத்துலயே மூடி வச்சவங்களும் நிறைய பேர் இருக்காங்க. போரும் வாழ்வும் எனக்கு ரெண்டு தடவை அப்படித்தான் ஆச்சு, மூணாவது தடவை முடிச்சேன், அப்ப நான் மாத்தினது வேகத்த மட்டும்தான்.

இந்தப் பெரிய நாவல்ல முக்காவாசி தொடர்கதையா வந்தது. மாண்டி கிறிஸ்டோ 1844-ல இருந்து 1846 வரைக்கும் பாரிஸ்ல ஒரு தினசரில வந்தது, மொத்தம் 117 அத்தியாயம். டிக்கன்ஸோட கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ் 1860 டிசம்பர்ல ஆரம்பிச்சு 1861 ஆகஸ்ட் வரைக்கும் வாராவாரம் வந்துச்சு. அன்னா கரீனினா 1875-லயே பத்திரிகைல ஆரம்பிச்சாச்சு. நம்ம பொன்னியின் செல்வன் கூட 1950-ல இருந்து வாரப் பத்திரிகைல வந்ததுதானே. அன்னிக்குப் படிச்சவங்க ஒரு அத்தியாயத்தப் படிச்சுட்டு அடுத்தது வர்ற வரைக்கும் அதப் பத்தியே பேசிட்டு இருந்திருப்பாங்க, அதையே நாம ஒரு வாரக் கடைசில முந்நூறு பக்கம்னு முழுங்கப் பார்த்தா மூச்சு முட்டத்தான் செய்யும்.

அதனால பக்கக் கணக்க விட்டுட்டு அத்தியாயக் கணக்கு வச்சுக்கோங்க. போரும் வாழ்வும்ல 361 அத்தியாயம், ஏழை படும் பாடு மூலத்துல 365, ரெண்டுலயும் அத்தியாயங்கள் பெரும்பாலும் சின்னச் சின்னதா இருக்கும், ஒரு நாளைக்கு ஒண்ணுன்னா ஒரு வருஷம், ரெண்டுன்னா ஆறு மாசம். ஒரு வருஷமான்னு மலைக்காதீங்க, அந்த ஆளுங்க நம்ம கூடவே ஒரு வருஷம் இருக்கறதுல ஒரு சொகம் இருக்கு, போரும் வாழ்வும்ல நடாஷா சின்னப் பொண்ணா ஓடி வர்ற சீன்ல இருந்து அவ வளர்றத நாமளும் அதே மாதிரி மெதுவா பார்க்கிறோம்.

அடுத்தது பேரு. ரஷ்ய நாவல விடறதுக்கு முதல் காரணம் இதுதான், ஒரே ஆளுக்கு நாலு பேரு வரும். சொந்தப் பேரு, அப்பா பேர்ல இருந்து வர்ற பேரு, குடும்பப் பேரு, அப்புறம் செல்லப் பேரு. குற்றமும் தண்டனையும் நாயகன் ரோதியன் ரொமானோவிச் ரஸ்கோல்னிகோவ், அவங்க அம்மாவுக்கும் நெருங்கினவங்களுக்கும் ரோத்யா. இது ஒரே ஆளுன்னு தெரியாம மூணு பேர்னு நெனச்சுப் படிச்சா கதை எங்கயோ போயிடும். ஒரு தாள்ல பேரையும் யாருக்கு யார் என்ன உறவுங்கறதையும் எழுதி புக் உள்ளயே வச்சுக்கோங்க, மொத நூறு பக்கத்துக்குத்தான் அது வேணும், அப்புறம் குரல வச்சே ஆள் தெரிஞ்சிடும். வூதரிங் ஹைட்ஸ்ல அம்மா பேரும் கேத்தரின், பொண்ணு பேரும் கேத்தரின், அங்கயும் இந்தத் தாள் காப்பாத்தும்.

முன்னுரைய மொதல்ல படிக்காதீங்க, ப்ளீஸ். கிளாசிக்ங்கறதால கதை எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சு முடிவ அதுலயே போட்டு உடைச்சிடறாங்க. கடைசில படிச்சா அதே முன்னுரை அருமையா இருக்கும்.

மொழிபெயர்ப்ப எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு பேச்சு வர்ற பக்கத்தையும் ஒரு வர்ணனை வர்ற பக்கத்தையும் வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க, நாக்கு தடுக்கினா வேற பதிப்பு தேடுங்க. டி.எஸ். சொக்கலிங்கத்தோட போரும் வாழ்வும், எம்.ஏ. சுசீலாவோட குற்றமும் தண்டனையும் ரெண்டும் தமிழ்லயே இருக்கு. இன்னொண்ணு, சுருக்கப் பதிப்பான்னு பார்த்துக்கோங்க, கதை மட்டும் தெரிஞ்சா போதும்னா சரி, ஆனா மனுஷங்களோட பழகணும்னா முழுசுதான் வேணும்.

இப்ப முக்கியமான இடம், போரடிக்கிற பகுதி. அது வரும், எல்லாப் பெரிய நாவல்லயும் வரும். ஏழை படும் பாடு மூலத்துல நாயகன் ஜீன் வல்ஜீன் வர்றதுக்கு முன்னாடியே 14 அத்தியாயம் ஒரு பிஷப்ப பத்தி மட்டும் இருக்கு, பின்னாடி வாட்டர்லூ போருக்குன்னு ஒரு பாகமே இருக்கு. மோபி டிக்ல திமிங்கலத்துல எத்தனை வகைன்னு 32-வது அத்தியாயம் பூரா ஓடும். மாண்டி கிறிஸ்டோல சிறைல இருந்து தப்பிச்ச நாயகனோட கதை பறந்துட்டு இருக்கும்போதே 31-வது அத்தியாயத்துல திடீர்னு இத்தாலில ஒரு புது இளைஞன் வந்துடுவான், நம்ம ஆள் எங்கடான்னு தவிப்பா இருக்கும், அங்கதான் நிறைய பேர் விடறாங்க, தயவுசெஞ்சு அங்க விடாதீங்க. என் வழக்கம் என்னன்னா வாட்டர்லூ, திமிங்கல வகை மாதிரி கதைய விட்டு விலகிப் போற அத்தியாயத்த வேகமா கண்ணால ஓட்டிடுவேன், ஆளுங்க பேசிக்கிற அத்தியாயத்த ஒரு வரி கூட விட மாட்டேன். பிஷப் பகுதிய மட்டும் பொறுமையா படிங்க, வல்ஜீன் அவர் வீட்டு வாசல்ல வந்து நிக்கும்போது அந்த 14 அத்தியாயமும் எதுக்குன்னு நெஞ்சுல அடிக்கும்.

மொத நாவலா எதை எடுக்கறதுன்னு கேட்டா குற்றமும் தண்டனையும் இல்ல ஜேன் அயர். ரெண்டுலயும் நாம பெரும்பாலும் ஒரே ஆளோட மனசுக்குள்ளயே இருக்கோம், வழி தப்பாது. போரும் வாழ்வும் மூணாவதோ நாலாவதோ இருக்கட்டும்.

முடிச்ச அன்னிக்கே மொத அத்தியாயத்த மட்டும் திரும்பப் படிச்சிடுங்க. கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்ல கல்லறைத் தோட்டத்துல சின்னப் பையன் பிப்ப ஒரு கைதி புடிச்சு அரமும் சாப்பாடும் கொண்டுவான்னு மிரட்டுவான், மொத தடவை எனக்கு அது வெறும் பயம், எல்லாம் படிச்சு முடிச்சுட்டு மறுபடி அந்தப் பக்கத்துக்கு வந்தப்ப அந்த ஆளோட பசிதான் கண்ணுல பட்டது.