நீலகிரியில் பெரிய ரிசார்ட் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தைகளுக்கு நீர் விளையாட்டுப் பூங்கா, பெரியவர்களுக்கு ஊட்டிக் குளிர், இரண்டுக்கும் சேர்த்து ஒரே ரிசார்ட். கோடை விடுமுறையில் பல குடும்பங்கள் இப்படித்தான் திட்டமிடுகின்றன. முதல் தவறு இதுவே. அந்த நீர் விளையாட்டுப் பூங்காவான பிளாக் தண்டர் இருப்பது மலையடிவாரத்தில், மேட்டுப்பாளையத்தை ஒட்டி. அங்கிருந்து ஊட்டி சுமார் 50 கிலோமீட்டர்தான் என்றாலும், அந்தத் தொலைவுக்குள் 1,800 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். கல்லாறு தாண்டியதும் குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். சாதாரண நாளிலேயே இரண்டு மணி நேரம் ஆகும். சீசனில் நெரிசலைக் குறைக்க, குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழிப் பாதையாக்குவார்கள். நாள் முழுக்கத் தண்ணீரில் ஆடிக் களைத்த பிள்ளையை மாலையில் அந்த வளைவுகளில் ஏற்றினால் வாந்திதான் மிச்சம். முதல் இரவு அடிவாரத்தில் தங்கி, மறுநாள் காலையில் மலையேறுங்கள். இரண்டு இடங்களில் அறை எடுப்பது வீண் செலவு அல்ல.

பெயரில் ஊட்டி இருப்பதால் மட்டும் ரிசார்ட் ஊட்டியில் இருந்துவிடாது. கோத்தகிரியில் இருக்கலாம், மலையின் மறுபக்கம் மசினகுடியிலும் இருக்கலாம். மசினகுடி என்றால் கூடுதல் கவனம் தேவை. அந்த வட்டாரத்தில் யானை வழித்தடத்தில் கட்டப்பட்ட ரிசார்ட்டுகளை மூடி முத்திரையிட 2018இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2020இல், அந்தப் பகுதியை யானை வழித்தடம் என்று அரசு வெளியிட்ட அறிவிப்பையே உறுதி செய்தது. உரிமம் உள்ளதா என்று நேரடியாகக் கேளுங்கள். இரவில் ஜீப்பில் கூட்டிப்போய் யானை காட்டுகிறோம் என்று ஆசை காட்டும் இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். அது யானைக்கும் கேடு, உங்களுக்கும் ஆபத்து.

பெரிய ரிசார்ட் என்றால் வசதி அதிகம் என்று நம்பிவிடுகிறோம். மலையில் பெரிய இடம் என்பது பெரும்பாலும் சரிவில் அடுக்கடுக்காகக் கட்டிய காட்டேஜ்கள். சாப்பாட்டுக் கூடம் மேலே, உங்கள் அறை கீழே. முழங்கால் வலியுள்ள பாட்டி ஒரு நாளில் எத்தனை முறை அந்தப் படிகளில் ஏறி இறங்குவார்? முன்பதிவுக்கு முன்பே தொலைபேசியில் படிகளின் எண்ணிக்கையைக் கேட்டு, வரவேற்பறைக்கு அருகிலேயே அறை வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். ஹீட்டருக்குத் தனிக் கட்டணம் உண்டா, வெந்நீர் எந்த நேரத்தில் வரும் என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

அறை பதிவாகிவிட்டால் போதும் என்று வண்டியைக் கிளப்பாதீர்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. புறப்படும் முன் அன்றைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேன் பேசி வருபவர்கள் பெரும்பாலும் மறப்பது ஓட்டுநரை. பல ரிசார்ட்டுகளில் அவருக்குப் படுக்க இடம் கிடையாது. ஊட்டிக் குளிரில் வண்டிக்குள்ளேயே விடியும்வரை கிடப்பார். அடுத்த நாள் மலைப்பாதை வளைவுகளில் உங்கள் குடும்பத்தை இறக்கப் போகிறவர் அவர்தான். ஓட்டுநர் அறை இல்லையென்றால் பக்கத்து லாட்ஜில் அவருக்கு ஒரு அறை போடுங்கள். அந்தச் செலவையும் சேர்த்த பிறகு ரிசார்ட்டுகளின் விலையை ஒப்பிடுங்கள்.