கடலோர வீட்டுச் சிறு கணினிக்குச் சத்தமில்லாத எஸ்.எம்.பி.எஸ்.

தேவனாம்பட்டினத்தில் இருக்கும் என் அக்கா, பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடங்களை வீட்டிலிருந்தே பதிவு செய்து மாணவர்களுக்கு அனுப்புகிறார். மேசை ஓரத்தில் அடங்கும்படி சிறிய கேபினெட்டில் கட்டிய கணினி அவருடையது. "தம்பி, ஃபேனை நிறுத்திட்டுப் பேசினாலும் மைக்ல ஒரு ரீங்காரம் கேட்டுக்கிட்டே இருக்கு" என்று அவர் சொன்ன பிறகுதான் கேபினெட்டைத் திறந்து பார்த்தேன். பிராசஸரின் விசிறி மெதுவாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. கீச்சென்ற ஒலி, வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் இருந்த 40 மி.மீ. விசிறியிலிருந்து வந்தது. சிறிய கணினி கட்டுபவர்கள் பலர் பிராசஸரையும் எஸ்.எஸ்.டி.யையும் நாள்கணக்கில் அலசிவிட்டு, எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் கடைசியில் கையில் மிஞ்சிய பணத்துக்கு வாங்குகிறார்கள். சத்தத்தோடு கணினியின் ஆயுளும் அந்தப் பெட்டியைச் சார்ந்திருப்பதால், உப்புக்காற்றும் புழுக்கமும் உள்ள கடலூர், புதுச்சேரி வீடுகளுக்கு அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கேபினெட் எந்த வடிவ எஸ்.எம்.பி.எஸ்.ஸை ஏற்கும் என்று பாருங்கள். வழக்கமான ஏ.டி.எக்ஸ். வகை 150 மி.மீ. அகலமும் 86 மி.மீ. உயரமும் கொண்டது, சிறிய கேபினெட்டுகள் பலவற்றில் அதற்கு இடமிருக்காது. எஸ்.எஃப்.எக்ஸ். வகை 125 மி.மீ. அகலம், 63.5 மி.மீ. உயரம், 100 மி.மீ. நீளம். எஸ்.எஃப்.எக்ஸ்.-எல் என்பது அதே அகலமும் உயரமும் கொண்டு 130 மி.மீ. வரை நீளுவது. அந்த 30 மி.மீ. கூடுதலால் 120 மி.மீ. விசிறி பொருத்த முடிகிறது. பெரிய விசிறி மெதுவாகச் சுற்றியே போதிய காற்றைத் தள்ளிவிடும். ஆனால் கேபிள்களை மடித்து வைக்கும் இடத்தையும் அதே 30 மி.மீ. தின்றுவிடும் என்பதால், கேபினெட்டை அளந்த பிறகே அதற்குப் போக வேண்டும். ஃபிளெக்ஸ் ஏ.டி.எக்ஸ். எனப்படும் ஒல்லியான வகையில் 40 மி.மீ. விசிறிதான் அடங்கும், அது வேகமாகச் சுற்றியே தீரும். அமைதி வேண்டுபவர்கள் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

அடுத்தது வாட் கணக்கு. 8600ஜி போன்ற 65 வாட் ரைசன் பிராசஸர் உச்சத்தில் 88 வாட் வரை எடுக்கும். மதர்போர்டு, ராம், எஸ்.எஸ்.டி., விசிறிகள் எல்லாவற்றுக்கும் 30 முதல் 40 வாட் வைத்தாலும் மொத்தம் 130 வாட்டைத் தாண்டாது. ஆர்.டி.எக்ஸ். 4060 போன்ற 115 வாட் கிராஃபிக்ஸ் கார்டைச் சேர்த்தால் 245 வாட். அதற்கு நல்ல 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். தாராளம். "எதற்கும் 850 வாட் போட்டுக்கொள்ளுங்கள்" என்று கடையில் சொன்னால் கேட்க வேண்டாம். 40 வாட்டில் சும்மா இருக்கும் கணினிக்கு 850 வாட் பெட்டி, தன் திறனில் 5 சதவீதத்துக்கும் குறைவாகவே வேலை செய்யும். அந்த நிலையில் எந்தப் பெட்டியின் மின் சிக்கனமும் சரிந்துவிடும்.

பெட்டியின் மேல் எழுதிய எண்ணை நம்பாமல் பக்கவாட்டு லேபிளைப் படியுங்கள். இன்றைய கணினியில் பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் 12 வோல்ட்டிலேயே ஓடுகின்றன. ஒரு லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேராக 37.5 ஆம்பியர் என்றிருந்தால், இரண்டையும் பெருக்கினால் முழு 450 வாட் வரும். பெயரில் 450 என்று போட்டுக்கொண்டு 12 வோல்ட்டில் 16 ஆம்பியர் மட்டும் தரும் மலிவுப் பெட்டியில் கிடைப்பது 192 வாட்தான். அந்த அளவை எந்த வெப்பநிலையில் தரும் என்பதையும் பாருங்கள். மே மாத மதியத்தில் நம் வீட்டு அறையே 35 டிகிரியைத் தாண்டும். கேபினெட்டின் உள்ளே இன்னும் கூடும். எனவே 40 அல்லது 50 டிகிரியில் முழு வாட் தருவதாக உறுதி கூறும் பெட்டியையே வாங்க வேண்டும்.

வாங்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் கணினிக்குப் போகிறது என்று காட்டும் 80 பிளஸ் தரச்சான்றை மின்கட்டணத்துக்காக மட்டும் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அது சத்தத்தின் கணக்கு. 120 வாட் தரும்போது 85 சதவீதத் திறனுள்ள பெட்டி ஏறக்குறைய 21 வாட்டை வெப்பமாக்குகிறது. 90 சதவீதத் திறனுள்ளது 13 வாட்டோடு நிற்கிறது. அந்த வெப்பத்தை வெளியேற்றத்தானே விசிறி சுற்றுகிறது? 80 பிளஸில் கோல்டு தரம் போதும். அதற்கு மேலே கொடுக்கும் பணம் இந்த அளவுக் கணினியில் திரும்பி வராது. சத்தத்துக்கென்றே சைபனெடிக்ஸ் நிறுவனம் தரும் லாம்டா தரவரிசையில், ஏ பிளஸ் என்றால் 15 முதல் 20 டெசிபல், ஏ என்றால் 20 முதல் 25 டெசிபல். கூரை மின்விசிறி ஓடும் அறையில் இந்த வேறுபாடு காதுக்கே எட்டாது. குரல் பதிவு செய்பவர்கள் மட்டும் ஏ பிளஸ் தேடினால் போதும்.

குறைந்த பளுவில் விசிறி அடியோடு நின்றுவிடும் வசதி நல்லதா என்று பலர் கேட்கிறார்கள். உப்புக்காற்று ஊருக்கு என் பதில், பயன்பாட்டைப் பொறுத்து மாறும். பாடம் எடுப்பதும் கணக்கு எழுதுவதுமாக 60 வாட்டில் ஓடும் கணினியில் எஸ்.எம்.பி.எஸ். உண்டாக்கும் வெப்பம் 8 வாட் அளவுதான். விசிறி நின்றிருந்தால் உப்பும் தூசியும் உள்ளே போவதும் குறையும். கிராஃபிக்ஸ் கார்டு போட்டு மணிக்கணக்கில் வீடியோ தொகுப்பவர்களுக்கு மெதுவாகவேனும் சுற்றிக்கொண்டே இருக்கும் விசிறிதான் பாதுகாப்பு, ஏனெனில் உள்ளிருக்கும், மின்னைச் சேர்த்து வைக்கும் கெபாசிட்டர்களின் வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும். 105 டிகிரி வரை தாங்கும் கெபாசிட்டர் என்று குறிப்பிட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

அதிகம் பேர் கவனிக்காமல் விடுவது இன்வெர்ட்டரை. கரண்ட் போகும்போது இன்வெர்ட்டர் மாறிக்கொள்ள எடுக்கும் நொடிப்பொழுதை, எஸ்.எம்.பி.எஸ். தன் கெபாசிட்டரில் சேர்த்து வைத்ததைக் கொண்டு கடக்க வேண்டும். எஸ்.எம்.பி.எஸ்.களுக்கான ஏ.டி.எக்ஸ். 3.0 வடிவமைப்பு விதிப்படி 80 சதவீதப் பளுவில் 17 மில்லி விநாடி தாங்க வேண்டும். நம் வீட்டு இன்வெர்ட்டரின் பின்புறச் சுவிட்ச் யூ.பி.எஸ். நிலையில் இருந்தால் மாற்றம் பொதுவாக 10 மில்லி விநாடி அளவில் முடியும். மற்ற நிலையில் அதைவிட வெகுவாகக் கூடும், கணினி அணைந்து எழும். பளு குறைவாக இருந்தால் அதே கெபாசிட்டர் கூடுதல் நேரம் தாங்கும் என்பதால், 130 வாட் கணினிக்கு 450 வாட் பெட்டி போடுவதில் இந்த நன்மையும் இருக்கிறது. ஆக்டிவ் பி.எஃப்.சி. (மின்னோட்டத்தை மின்னழுத்த அலைக்கு ஏற்ப இழுக்கும் சுற்று) உள்ள பெட்டிகள் பழைய ஸ்கொயர்வேவ் இன்வெர்ட்டரில் உறுமலாம், சில சமயம் நின்றே போகலாம்; மின்வாரியக் கரண்டைப் போன்ற அலை தரும் சைன்வேவ் இன்வெர்ட்டர் இருப்பதுதான் சரி. உள்ளீடு 100 முதல் 240 வோல்ட் என்று லேபிளில் இருந்தால், மாலை நேர லோ வோல்டேஜுக்குத் தனி ஸ்டெபிலைசர் தேவையில்லை.

அக்கா வீட்டில் எஸ்.எஃப்.எக்ஸ். பெட்டிக்கு இடமுள்ள வேறு கேபினெட்டுக்குக் கணினியை மாற்றினோம். கீச்சொலி உடனே போய்விட்டது, ஆனால் பதிவின் அடியில் தாழ்ந்த ஓர் உறுமல் அப்படியே இருந்தது. கேபினெட்டின் திருகில் புறங்கையை வைத்தபோது மெல்லிய சுருக்கென்ற உணர்வு. காரணம் எர்த். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உள்ளீட்டு வடிகட்டி, இரண்டு மின்கம்பிகளையும் சிறு கெபாசிட்டர்கள் வழியாக உலோக உறையோடு இணைத்திருக்கும். எர்த் அறுந்திருந்தால் அந்த உறை ஏறக்குறைய பாதி மின்னழுத்தத்தில் மிதக்கும். மின்னோட்டம் சிறிதுதான், என்றாலும் மைக் கம்பியில் உறுமலாக ஏறிவிடும். எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தபோது, எர்த் குழியில் கம்பியை இணைத்த நட்டு உப்பில் அரித்துப் பொடியாக உதிர்ந்தது. அதை மாற்றியதும் பதிவு சுத்தமானது. எனவே புது எஸ்.எம்.பி.எஸ். வாங்கும் முன் எர்த்தைச் சோதியுங்கள். இரண்டு முள் அடாப்டரில் கணினியைச் செருகாதீர்கள்.

கிராஃபிக்ஸ் கார்டே வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது: 19 வோல்ட் அடாப்டரில் ஓடும் சிறு கணினிகள். அவற்றின் மின்மாற்றம் வெளியில், விசிறியின்றி நடந்துவிடுகிறது.

பொருத்தும்போது இரண்டைக் கவனியுங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் விசிறி, கேபினெட்டின் வலைத் துளைகளைப் பார்த்து இருக்க வேண்டும். பழைய பெட்டியின் மாடுலர் (கழற்றி மாட்டும்) கேபிளைப் புதியதில் செருகக் கூடாது. முனை பொருந்தினாலும் கம்பி வரிசை மாறியிருக்கலாம், எஸ்.எஸ்.டி. எரிந்துவிடக்கூடும். தூசி தட்டுவதற்காக எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் ஒருபோதும் பிரிக்காதீர்கள், பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். தானே, ஃபெஞ்சல் புயல்களைப் போன்ற நாட்களில் கணினி நெடுநேரம் அணைந்தே கிடந்து ஈரம் ஏறியிருந்தால், கரண்ட் வந்ததும் போடாமல் ஒரு நாள் மின்விசிறிக் காற்றில் வைத்துவிட்டுப் போடுங்கள்.

வாங்கிய முதல் வாரத்திலேயே, ஊர் அடங்கிய இரவில், மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கணினிக்கு அருகே காதை வைத்துக் கேளுங்கள். பக்கத்தை மேலும் கீழும் உருட்டும்போது மெல்லிய இழைபோல ஓர் ஒலி கூடிக் குறைந்தால் அது உள்ளிருக்கும் காயிலின் அதிர்வு, எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வருகிறதா, மதர்போர்டிலிருந்தா என்று பிரித்துப் பாருங்கள். எஸ்.எம்.பி.எஸ்.தான் என்றால் பழகிவிடும் என்று விட்டுவிடாமல், மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.