செவ்வரத்தம்பூ, கேத்தல், போத்தல்: வீட்டில் செய்யக்கூடிய மூன்று பரிசோதனைகள்

தரம் 6இல் விஞ்ஞான பாடத்தைத் தொடங்கும் பிள்ளைக்கு, ஒரு பொருள் அமிலமா மூலமா என்பதை நிறத்தால் காட்டும் பாசிச்சாயத்தாள் எளிதில் கிடைக்காமற் போகலாம். ஆனால் வன்னியில் செவ்வரத்தை நிற்காத வளவைக் காண்பது அரிது. அந்தப் பூவையும், தேநீர் வைக்கும் கேத்தலையும், வெறும் சோடாப் போத்தலையும் கொண்டு செய்யக்கூடிய மூன்று பரிசோதனைகளை இங்கே தருகிறேன். ஒவ்வொன்றையும் தொடங்குமுன் என்ன நடக்கும் என்று பிள்ளை நினைக்கிறதோ அதைக் கொப்பியில் எழுதச் செய்யுங்கள். விடையைப் பெரியவர்கள் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் மிச்சம் வெறும் வேடிக்கைதான்.

கடும் சிவப்பான செவ்வரத்தம்பூக்கள் ஐந்தாறின் இதழ்களை மட்டும் கிள்ளி, ஒரு குவளை சூடான மழைநீரில் இட்டுக் கரண்டியால் நசித்து, இதழ்கள் வெளிறியதும் சீலைத்துணியால் வடித்தெடுங்கள். மழைநீர் என்று நான் குறித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு: நாங்கள் முதல் தடவை கிணற்று நீரில் செய்தபோது, எதையும் சேர்க்குமுன்னரே சாறு மங்கிய நீலமாகிவிட்டது. வெள்ளை நிற யோகட் கோப்பைகள் நான்கில் இரண்டிரண்டு மேசைக்கரண்டி சாற்றை ஊற்றி, ஒன்றில் தேசிக்காய்ப் புளியையும், அடுத்ததில் ஒரு சிட்டிகை அப்பச்சோடாவையும், மூன்றாவதில் அடுப்புச் சாம்பலைக் கரைத்துத் தெளியவிட்ட நீரையும் சேர்த்து, நான்காவதை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அப்படியே விட்டுவிட வேண்டும். தேசிக்காய் விழுந்த கோப்பை பளிச்சென்ற சிவப்பாகும். மற்றைய இரண்டும் பச்சைப் பக்கம் திரும்பும். இதழிலுள்ள அந்தோசயனின் என்னும் நிறப்பொருள் தேசிக்காய்ப் புளி போன்ற அமிலத்தில் ஒரு நிறத்தையும் அப்பச்சோடா, சாம்பல் நீர் போன்ற மூலத்தில் வேறொரு நிறத்தையும் காட்டுவதால், பூச்சாறு ஒரு காட்டியாகத் தொழிற்படுகிறது. இதன்பின் பச்சையாகிய அப்பச்சோடாக் கோப்பைக்குள் தேசிக்காய்ப் புளியைத் துளித்துளியாக விடச் சொல்லுங்கள். நுரைத்துக்கொண்டே நிறம் திரும்பிவரும் அந்த இடத்தில்தான் பிள்ளைகள் கோப்பையைவிட்டு எழும்ப மறுப்பார்கள். பழப்புளிக் கரைசல், சவர்க்கார நீர், மோர் என வீட்டிலுள்ள மற்றவற்றையும் சோதிக்கலாம். ஆனால் கிணற்றுக்கு இடும் குளோரின் தூளை மட்டும் இந்த மேசைக்குக் கொண்டுவரவே கூடாது. அது புளியுடனோ வினாகிரியுடனோ சேர்ந்தால் நச்சு வாயு வெளிவரும். சாற்றை மறுநாளுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம், புளித்து மணக்கத் தொடங்கிவிடும்.

கிணற்று நீர் ஏன் அவ்வாறு செய்தது என்ற கேள்விக்கான விடையைக் கேத்தலின் அடியில் தேடலாம். அங்கே படிந்திருக்கும் வெண்படையில் சிறிது சுரண்டி எடுத்து, அதன்மேல் ஒரு கரண்டி வினாகிரியை ஊற்றினால் குமிழிகள் கிளம்பும். கிணற்று நீரில் கரைந்து அதற்குச் சிறிது மூலத்தன்மையைத் தந்து சாற்றை நீலமாக்கிய கல்சியம் ஐதரசன்காபனேற்று, கொதிக்கும்போது பிரிகையடைந்து, கரையாத கல்சியம் காபனேற்றாகப் படிகிறது. அதில் அமிலம் படும்போது காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. முட்டைக் கோதும் இதே பொருளாலானது என்பதால் அதையும் பக்கத்தில் வைத்துச் சோதிக்கலாம். இரண்டு சிறு போத்தல்களில் ஒன்றில் கிணற்று நீரும் மற்றதில் அதே அளவு மழைநீரும் எடுத்து, சம அளவு சவர்க்காரச் சீவலை இட்டுக் குலுக்கினால், எது கூடுதலாக நுரைக்கிறது என்பதையும், எதில் அழுக்குப் போன்ற திரை மிதக்கிறது என்பதையும் பிள்ளை தானே கண்டு சொல்லும்.

மூன்றாவது பரிசோதனைக்கு ஒன்றரை லீற்றர்ப் போத்தல் ஒன்று வேண்டும். பெரியவர் ஒருவர் ஆணியைக் குறட்டால் பிடித்துச் சூடாக்கி, மேல், நடு, அடி என மூன்று துளைகளை, ஒன்றுக்கு நேர்கீழே மற்றது வராமல் சற்றே விலக்கி இடவேண்டும். துளைகளை ரேப்பால் மூடி, போத்தலை நீரால் நிரப்பி, மூடியைத் திறந்தபடி வைத்து, மூன்று ரேப்பையும் ஒன்றாக இழுத்துவிடுங்கள்; நீர்மட்டம் இறங்காதபடி ஒருவர் மேலிருந்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அடித்துளை நீரே மிகத் தூரம் பாயும் என்று பல படங்களில் வரையப்பட்டிருக்கும். ஆயினும் போத்தலை நிலத்திலேயே வைத்துச் செய்தால் நடுத்துளை நீர்தான் தூரத்தில் விழும், ஏனெனில் அடித்துளை நீர் வேகமாக வந்தாலும் பறப்பதற்கு உயரம் இல்லாமல் உடனே நிலத்தைத் தொட்டுவிடுகிறது. ஆகவே போத்தலை அதன் உயரத்துக்குக் குறையாத ஒரு வாங்கின் ஓரத்தில் வைத்து மீண்டும் செய்ய வேண்டும். இரண்டு விதமாகவும் செய்து பார்ப்பதே நல்லது. படம் சொன்னதும் முற்றத்தில் கண்டதும் மாறுபடுகிறபோது பிள்ளை கேட்கும் கேள்விகளுக்காகவே இதை நான் விரும்புகிறேன்.

ஆழம் கூடக் கூட நீரின் அமுக்கம் கூடுவதே வேகத்துக்குக் காரணம். ஏறத்தாழ 10 மீற்றர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அமுக்கம் என்ற கணக்கில் அது ஏறுகிறது. கிளிநொச்சியிலுள்ள இரணைமடுக் குளத்தில் நீர் 36 அடிக்கு, அதாவது சுமார் 11 மீற்றருக்கு, நிற்கும்போது அந்த ஆழத்தின் அடியில் மொத்த அமுக்கம் மேற்பரப்பில் உள்ளதைப்போல் இரண்டு மடங்காகிவிடும். அணைக்கட்டின் அடி அகன்றும் முடி ஒடுங்கியும் இருப்பதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று என்பதை, மாரியில் குளம் வான் பாயும்போது பிள்ளையைக் கையில் பிடித்தபடி கூட்டிச்சென்று காட்டலாம்.

கடைசியாக, நீர் பாய்ந்துகொண்டிருக்கும்போதே போத்தலின் மூடியை இறுக்கிவிடுங்கள். மேல்துளையில் நீர் நின்று, காற்றுக் குமிழிகள் உள்ளே போகத் தொடங்கும். கீழ்த்துளைகளில் ஓட்டம் குறையுமே தவிர நிற்காது. ஒரே துளை மட்டும் இட்ட இன்னொரு போத்தலில் இதையே செய்தால் நீர் ஓடுமா, நிற்குமா என்பதைக் கொப்பியில் எழுதிய பிறகு, அடுத்த போத்தலுக்கு ஆணியைச் சூடாக்குங்கள்.